மான் தின்ற பக்கம்

மார்கழி மழை மூன்று நாள் விடாமல் பெய்ததில்
ஓட்டு இடுக்கால் இறங்கிய தண்ணீர்
நேரே போய் விழுந்தது
அலுமாரி மேலிருந்த வேதப்புத்தகத்தில்.
வேறு இடமே கிடைக்கவில்லை அதற்கு.

நான்காம் நாள் வெயில் எட்டிப்பார்த்தது.
தையல் விட்ட தாள்களைக் கழற்றி
உடுப்புக்கொடியில் கிளிப் போட்டேன்.
இவருடைய மா ஆலைச் சட்டைக்கும்
மகளின் வெள்ளைச் சீருடைக்கும் நடுவே
ஆதியும் அந்தமும் வரிசை குலைந்து ஆடின.

ஈரத்தாள் கண்ணாடி மாதிரி.
தன்னை எரிக்கப்போகும் விறகைத் தானே சுமந்து
மலை ஏறுகிற மகன்
ஆடு எங்கே அப்பா என்கிறான் ஒரு தாளில்.
அதற்குப் பின்னால் தொங்கிய தாளிலிருந்து
ஒளி ஊடுருவி வந்த ஓர் ஆற்றங்கரை மனிதன்
அந்தா என்று விரல் நீட்டுகிறான்.
அப்பன் சொல்லாமல் மழுப்பிய பதில்
இரண்டு கிளிப் தூரத்தில் இருந்திருக்கிறது.
ஈரக்கையோடு அப்படியே நின்றேன்.

உலையைப் பார்க்க உள்ளே போய் வருவதற்குள்
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
வேலிப் பொட்டால் நுழைந்துவிட்டது.
இந்த ஊர் மானுக்குக் கோவா இலையும் ஒன்றுதான்
பாண் சுற்றிய கடதாசியும் ஒன்றுதான்.
வாயோரம் ஒரு துண்டு தொங்க
என்னைப் பார்த்தபடியே மென்றது.
துரத்தினேன். வாகை நிழலில் போய்ப் படுத்து
ஆறுதலாக அசைபோட்டது.

எண்ணிப் பார்த்தேன்.
நடுப்பகல் இருண்டதிலிருந்து
கல்லறை வாயில் கல் உருண்டது வரை
ஒரே தாள், இரண்டு பக்கமும்.
மற்ற மூன்று பேரும் எழுதியிருக்கிறார்களே என்பீர்கள்.
அவை ஒன்றோடொன்று ஒட்டி
பழைய ரொட்டி போல் இறுகிக் கிடந்தன.

வெள்ளிக்கிழமைகளில் நான்
மனுவேற்பிள்ளையருக்கு வாசிக்கப் போகிறனான்.
கடலட்டை குளிக்க இறங்கி
காற்றுக் குழாய் அறுந்து
ஒரே மூச்சில் மேலே வந்த மனிதர்.
இரத்தத்தில் குமிழி கட்டி
ஆறு வருஷமாகக் கால் இரண்டும் கட்டிலோடு.
அவர் கேட்பது எப்போதும் அந்தத் தாள்தான்.
மான் தின்றுவிட்டது என்று
எந்த முகத்தோடு சொல்வது?

காய்ந்த தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு போனேன்.
கைக்கு வந்ததை வாசித்தேன்.
கைகால் துளைக்கப்பட்டவன்
தன் உடுப்புக்குச் சீட்டுப் போடுகிறவர்களைப்
பார்த்துக்கொண்டே கிடக்கிற பாட்டு.
ரோமம் கத்தரிக்கிறவன் முன் சத்தமில்லாத ஆடு;
அடி அதற்கு, ஆறிய புண் எங்களுக்கு.
பயணம் புறப்படுகிற இரவில்
எலும்பு முறியாமல் சுடச்சொன்ன குட்டி.
மாடு மேய்த்த ஒருவன்
மத்தியானத்தில் சூரியனை இறக்கிவிட்ட வரி.
தாகத்துக்குக் காடி கொடுத்த கை.
ஒன்றிலும் அவர் பெயர் இல்லை.
வேறு யாரையும் காணவும் இல்லை.

கண்ணை மூடியிருந்தார்.
உதடு எனக்கு ஒரு சொல் முந்தி அசைந்தது.
"இண்டைக்கு வேற புத்தகமோ பிள்ளை?"
"அதே புத்தகந்தான் ஐயா."

பிறகு, ஓடிப்போனவனை மீன் விழுங்கிய தாள்.
தலையைச் சுற்றிய பாசி, மலைகளின் அடிவேர்,
மேலே பூட்டிக்கொண்ட தண்ணீர்.
இந்த இடத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.
அது அவர் போய்வந்த இடம்.

"மூண்டு நாள்" என்றார்.
"இவனும் மூண்டு நாள், அவரும் மூண்டு நாள்.
அவசரப்படேல்ல, பாத்தியே.
அடியில கிடந்து, ஆறுதலா ஏறியிருக்கினம்.
நான்தான் மூண்டு நிமிசத்தில வந்தனான்."
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
கட்டில் கிறீச்சிட்டது.
நானும் சிரித்தேன். அதற்கு வெட்கமும் பட்டேன்.

"சரி, அங்கால வாசி.
விடியப்புறம் பொம்பிளையள் போறது."

பையைத் துழாவினேன்.
ஞாயிற்றுக்கிழமைத் தாள்
கொடியிலேயே நிற்கிறது,
இன்னும் காயவில்லை.